காப்புறுதிப் பத்திரத்தின் உள்பக்கம்

காடி வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். மேலே படிப்பதற்கு முன் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரமும் கல்யாணப் பத்திரமும் இருக்கும் பிஸ்கட் டின்னிலேயே பல வீடுகளில் அதுவும் இருக்கும். இப்போது கைத்தொலைபேசிக்கே அனுப்பி விடுகிறார்கள். அப்படியானால் அதைத் திறந்து கொள்ளுங்கள். நானும் என்னுடையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். அந்த 18-ஆம் தேதி சனிக்கிழமையை கிள்ளான் வட்டாரத்தில் யார் மறப்பார்கள்! விடாமல் கொட்டிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முழுவதும் நீரில் நின்றது. தோட்டத்துப் பள்ளியில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே குடியிருக்கிறான். போர்ட் கிள்ளானில் வேலை. மனைவி மக்களோடு மாடியில் நின்றபடி, வாசலில் கிடந்த தன் காடியின் கூரை தண்ணீருக்குள் மறைவதைப் பார்த்திருக்கிறான். வெள்ளம் வடிந்த பிறகு பத்திரமும் கையுமாக என் வீட்டுக்கு வந்தான்.

"சார், எல்லாத்துக்கும் சேர்த்து முழுக் காப்புறுதின்னு சொல்லித்தானே பணம் வாங்கினாங்க? இப்ப வெள்ளத்துக்குக் கிடையாதுங்கிறாங்களே!"

நான் வாத்தியார் அல்லவா? நம்பிக்கையோடு பத்திரத்தை வாங்கிப் படித்தேன். முதல் பக்கம் அவன் சொன்னபடியேதான் இருந்தது. உள்பக்கத்தில், பொடி எழுத்தில், எவற்றுக்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற வரிசை. வெள்ளம், புயல், நிலச்சரிவு எல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தன. தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தால்தான் அவற்றுக்குக் காப்பு. அவன் காடிக்கு 28,000 வெள்ளி காப்புத் தொகை. இந்தச் சேர்ப்புக்குப் பெரும்பாலும் காப்புத் தொகையில் நூற்றுக்கு அரை வெள்ளிக்கு மேல் போகாது. அவன் கணக்கில் 140 வெள்ளி. அதைக் கட்ட வேண்டும் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. காடி செத்தாலும் கடன் சாகாது. தவணையில் வாங்கிய காடிக்கு இன்னும் நாலு வருடம் பாக்கி.

அவனை அனுப்பிவிட்டு என் பத்திரத்தைப் புரட்டினேன். எனக்கும் அது இல்லை. பத்து வருடமாக முகவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு மட்டும் "வினாவை முழுதும் படித்து விடை எழுது" என்று பாடம்!

நம் நாட்டில் காடிக் காப்புறுதி மூன்று வகை. முதலாவது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒவ்வொரு வாகனத்துக்கும் இந்த அளவாவது இருக்க வேண்டும் என்கிறது. இல்லாமல் ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே; ஓட்டும் உரிமமும் போகும். நம் காடி இடித்து இன்னொருவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ அவர் வண்டிக்குச் சேதமோ நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் பார்த்துக்கொள்ளும். நம் காடிக்கு ஒரு காசும் கிடையாது. தோட்டத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் அநேகம் இந்த வகைதான். அவை களவு போனால் போனதுதான். இரண்டாவது வகையில் தீயும் திருட்டும் சேரும். மூன்றாவதுதான் 'முழு'க் காப்புறுதி. இதில் நம் காடி மோதிச் சேதமானாலும் பழுதுபார்த்துத் தருவார்கள். முழு என்ற சொல்லை நம்பித்தான் என் மாணவன் ஏமாந்தான்.

இனி, காடியில் ஏறி உட்காருகிறவர்களைப் பற்றி. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறோம். தீபாவளிச் சாமான் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போகிறோம். பக்கத்து வீட்டு அக்கா, அவர் பிள்ளைகள் என்று அன்போடு ஏற்றிக்கொள்கிறோம். ஓட்டுகிறவரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்து அந்த அக்காவுக்குக் கால் முறிந்தால், அவர் நம்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட இடமுண்டு. எதிர்வண்டியில் இருந்தவர்களுக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கும். நம் வண்டியில் இருந்த அக்காவுக்கோ, முழுக் காப்புறுதி இருந்தாலும் கொடுக்காது! பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்று ஒரு சேர்ப்பு உண்டு, சிறு தொகைதான். அதை எடுத்திருந்தால் மட்டுமே அந்தச் சுமை நம் தலையிலிருந்து இறங்கும்.

ஓட்டுகிறவர் கதி? அவர் காயத்துக்கும் உயிருக்கும் இந்தப் பத்திரத்தில் இடமில்லை. தனிநபர் விபத்துக் காப்புறுதி வேறாக எடுக்க வேண்டும். வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நேர்ந்த விபத்தென்றால், சந்தா கட்டும் தொழிலாளிக்கு சொக்சோ இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறத் தவறாதீர்கள்.

ஆளுக்கு இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டு கிள்ளானுக்கு ஆள் ஏற்றுகிற தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. சொந்த உபயோகம் என்று பத்திரத்தில் எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரும் நாளில் நிறுவனம் கையை விரித்துவிடும். வாடகைப் பயணத்துக்கு அதற்குரிய காப்பு வேண்டும்.

அடுத்தது காப்புத் தொகை. கட்டணம் குறையட்டும் என்று காடியின் விலையைக் குறைத்துப் போடுகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. சந்தையில் 20,000 வெள்ளி பெறும் காடியை 10,000 என்று போட்டிருக்கிறீர்கள். 4,000 வெள்ளிக்குச் சேதம் என்று வைத்துக்கொள்வோம். பாதி விலைக்குத்தானே காப்பு எடுத்தீர்கள் என்று அவர்கள் 2,000 தான் தருவார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது! கூட்டிப் போட்டாலும் லாபமில்லை. சந்தை விலைப்படி எடுத்த பத்திரமானால், காடி தொலையும் நாளில் சந்தை விலை என்னவோ அதற்குமேல் தரமாட்டார்கள்.

நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய சாகா, காஞ்சில், மைவி. பத்து வயதான காடிக்குப் பட்டறையில் புதிய பாகம் போட்டால் அந்தப் பாகத்தின் விலையில் நூற்றுக்கு 40 வரை நாம் கட்டவேண்டி வரும். பழைய பொருளுக்குப் பதில் புதியது கிடைக்கிறதே என்பது அவர்கள் நியாயம். ஐந்து வயதுக்கு உட்பட்ட காடியானால் இது இல்லை. பத்திரத்தில் பெயர் இல்லாத பிள்ளை ஓட்டி இடித்தாலும், 21 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டி இடித்தாலும், பொதுவாக முதல் 400 வெள்ளி நம் கையிலிருந்துதான். வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள் என்று யோசித்துப் பெயர்களைச் சேர்த்துவிடுங்கள்.

இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் கிடைக்கும் கழிவைப் பலரும் அறிவீர்கள். காடிக்கு முதல் வருடம் முடிந்ததும் 25 விழுக்காடு. படிப்படியாக ஏறி ஐந்து வருடத்தில் 55. ஆயிரம் வெள்ளி கட்டவேண்டியவர் 450 கட்டினால் போதும். தவறு நம்முடையதாக இருந்து நம் பத்திரத்தில் இழப்பீடு கேட்டால் கழிவு சுழியத்துக்கு இறங்கிவிடும். ஆகவே முன்னூறு வெள்ளிச் சேதத்துக்கு ஓடாதீர்கள். கழிவைப் பறிகொடுப்பதா, கைக்காசைப் போடுவதா என்று கணக்குப் பாருங்கள். கண்ணாடிக்கென்று தனிக் காப்பு எடுத்திருந்தால், அதில் கேட்கும் பணம் கழிவைத் தொடாது. இந்தக் கழிவு ஆளுக்கு உரியது, காடியோடு போகாது. பழைய காடி வாங்குகிறவர் விற்றவரின் காப்புறுதியிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தவறு.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பத்திரத்தில் இருக்கும் உதவி எண்ணுக்கு முதலில் பேசுங்கள்.

என் மாணவன் காடியைக் கழுவிக் காயவைத்து, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, பழுதுபார்த்து ஓட்டினான். மறு வருடம் காப்புறுதி புதுப்பிக்கும்போது முகவரைத் தன் வீட்டு வாசலிலேயே நிற்க வைத்து, "வெள்ளம் எந்த வரியில இருக்கு, காட்டுங்க" என்றானாம். அவர் இரண்டு பக்கம் புரட்டித் தேடியிருக்கிறார். வரியைக் காட்டிய பிறகே பணம் கொடுத்திருக்கிறான். அன்று மாலையே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "சார், உங்களுது?" என்று கேட்டிருந்தான். நானும் படம் எடுத்து அனுப்பினேன்.

உங்கள் பத்திரத்தில் புரியாத வரி இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம். காடியின் எண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் மட்டும் எழுத வேண்டாம்.