தூக்க மருந்தா இந்தப் பாட்டு?

1994-ல் ஸ்பெயினின் சான்டோ டொமிங்கோ டி சிலோஸ் மடத்துத் துறவிகள் பாடிய 'சான்ட்' இசைத்தொகுப்பு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது. பழைய ஒலிப்பதிவுகளைத் தூசு தட்டி, மன அழுத்தத்துக்கு மருந்து என்று விற்றார்கள். அதிலிருந்து, கத்தோலிக்க வழிபாட்டில் இலத்தீனில் பாடும் கிரிகோரியன் இசை என்றாலே எதிரொலி மிதக்க, அலையே இல்லாத குளம்போல ஒரே சீராக நகர வேண்டும் என்றாகிவிட்டது. அந்தச் சீர்மை பிரான்ஸின் சொலேம் மடத்தார் 19-ஆம் நூற்றாண்டில் பழைய சுவடிகளை ஒப்பிட்டு உருவாக்கிய பாணி. மகத்தான உழைப்புதான், ஆனால் 15-ஆம் நூற்றாண்டுப் பாடகர் அப்படிப் பாடினார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. 13-ஆம் நூற்றாண்டிலேயே மொராவியாவின் ஜெரோம் என்ற இசை நூலாசிரியர் குரல் அலங்காரங்களை விவரித்து எழுதியிருக்கிறார். பிற்கால இத்தாலியச் சுவடிகளிலோ நெடில், குறில் பிரித்துத் தாளம் குறித்த பாடல்களும் உண்டு. 'ஆர்கனும்' இசைக்குழுவை 1982-ல் தொடங்கிய மார்செல் பெரேஸ், கிரேக்கத் தேவாலயப் பாடகரையும் சேர்த்துக்கொண்டு, இதே இசையைக் கமகம்போல் அசையும் குரலில் பாடவைத்தார். கற்பனை அதிகம் என்று அறிஞர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். சுவடி மௌனமாக இருக்கும் இடத்தில் பாடகர் எதையாவது தேர்ந்துதான் ஆக வேண்டும். மொட்டையாகப் பாடுவதும் ஒரு தேர்வுதானே? என் குறை வேறு. விவிலியத் திருப்பாடலுக்கு (சங்கீதத்துக்கு) முன்னும் பின்னும் வரும் சிறு பல்லவியை மட்டும் பதிந்துவிட்டு, நடுவிலுள்ள திருப்பாடலைப் பல இசைத்தட்டுகளில் வெட்டிவிடுகிறார்கள். கேட்பவருக்குப் பொறுமை இருக்காதாம்! தயாரிப்பாளர்களே, முழு வழிபாட்டையும் ஒருமுறை பாடவிட்டுப் பாருங்கள்.