கிரகணத்தை ஒட்டலாம், பொய்யை ஒட்டாதீங்க

2025 செப்டெம்பர் 7, பினர போயா இரவு. நம்ம நேரப்படி 9.57க்கு பூமியோட நிழல் நிலவைத் தொட்டது. 11 மணிக்கு முழுசா மூடி, 82 நிமிஷம் செக்கச்செவேல்னு வச்சிருந்து, 1.26க்கு விட்டது. இந்த மூன்றரை மணித்தியாலத்தையும் ஒரே படத்துல காட்டணும்னா பல படம் எடுத்துச் சேர்க்கத்தான் வேணும். "ஒட்டின படமெல்லாம் ஏமாத்து" என்று சொல்றவங்களோட நாங்க ஒத்துப்போகல.

காரணம் இருக்கு. முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/250 வினாடி போதும். சிவந்த நிலவுக்கு ஐஎஸ்ஓவைக் கூட்டியும் ஒண்ணு ரெண்டு வினாடி திறந்து வைக்கணும். ஒரே சொடுக்குல ரெண்டும் அடங்காது. நிலவு வானத்துல தன் அகலத்தைக் கடக்க ரெண்டே நிமிஷம். விரிகோண லென்ஸைப் போட்டு, ட்ரைபொட்டை அசைக்காம 5 நிமிஷத்துக்கு ஒண்ணு எடுத்தா, நிலவுகள் ஒண்ணோட ஒண்ணு முட்டாம வரிசையா விழும். நேரமும் அளவும் இடமும் உண்மை. சேர்த்தது மட்டும்தான் நம்ம கை வேலை.

ஜூம்ல எடுத்த நிலவை வெட்டி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு மேல பானை சைஸுல ஒட்டுறது வேற. கையை நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கிப் பாருங்க, நிஜ நிலவு அதுக்குள்ள மறைஞ்சிடும்.

லைக்குக்காகத்தானே, விடுங்க என்பீங்க. விட முடியாது. கிரகணம்னா லயத்துல இன்னும் கர்ப்பிணிகளைக் காம்பராவுக்குள்ள அடைச்சு, சோறு தண்ணி இல்லாம வைக்கிற வீடுகள் இருக்கு. பாம்பு விழுங்குதுன்னு சொல்ற அம்மாயிக்கு நாம காட்டக்கூடிய நல்ல பதில் ஒரு ஒட்டுப்படம்தான். நிழலை ஒரே இடத்துல நிறுத்தி, நிலவுகளை நேரப்படி அதது இருந்த இடத்துல வைங்க. இருட்டு விளிம்புகள் சேர்ந்து ஒரு வட்டமாகும், நிலவைவிட ரெண்டரை மடங்குக்கும் மேல பெருசா. அது நாம நிக்கிற பூமியோட நிழல். பூமி உருண்டைன்னு சொல்ல அரிஸ்டோட்டில் 2300 வருஷத்துக்கு முன்ன காட்டின சாட்சிகள்ல இந்த வளைஞ்ச விளிம்பும் ஒண்ணு. அந்தச் சிவப்பும் நம்ம காற்று மண்டலம் வளைச்சு அனுப்புற வெயில்தான். வெறுங்கண்ணால பார்த்தாலும் ஒண்ணும் ஆகாது.

ஆனா, "இது கம்பியூட்டர்ல செஞ்சது" என்று அம்மாயி சொன்னா என்ன செய்வோம்? பானை சைஸு நிலவுகளைப் பரப்பின நாம அவங்க சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. அதனால படத்துக்குக் கீழே எழுதுங்க: எத்தனை படம், எந்தெந்த நேரம், என்ன லென்ஸ், எதை மாத்தினோம். நாலு வரி போதும். அப்புறம் அதைப் பிரிண்ட் எடுத்து புள்ளக்காம்பராவிலும் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலும் மாட்டக் கேளுங்க. பேஸ்புக்கைவிட அங்கதான் அது தேவை.

2028 டிசம்பர் 31 இரவு மறுபடியும் முழுக் கிரகணம், ஒரு மணித்தியாலத்துக்கும் மேல. லுணுகலைப் பக்கம் அது மழை மாசம். மேகம் மறைச்சா, மறைச்ச நேரத்துக்கு உரிய இடத்தைக் காலியா விடுங்க. வேற இரவு நிலவைக் கொண்டுவந்து அதுல ஒட்டாதீங்க.