நூல் இழப்புக்கு ஊதியப் பிடித்தம் செய்வதை நிறுத்தவும், முதுநிலை நூலக உதவியாளரின் பணிகளை எழுத்தில் வரையறுக்கவும் கோரும் மனு

அனுப்புநர்: பொதுச் செயலாளர், பல்கலைக்கழக நூலகப் பணியாளர் சங்கம்
பெறுநர்: பதிவாளர் அவர்கள்
நகல்: துணைவேந்தர், நிதி அலுவலர், நூலகர்

பார்வை: இதே பொருளில் சங்கம் அளித்த நான்கு கடிதங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

மைய நூலகத்திலும் துறை நூலகங்களிலும் பணியாற்றும் நிரந்தரப் பணியாளர்களின் பதிவு பெற்ற சங்கம் எங்களுடையது.

இது எங்கள் ஐந்தாவது கடிதம். முதல் கடிதத்தில், முதுநிலை நூலக உதவியாளர் பதவிக்கான பணிப் பட்டியலின் நகலைக் கேட்டோம். கோப்பு பரிசீலனையில் உள்ளது என ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தில் எங்கள் உறுப்பினர்கள் நாள்தோறும் செய்யும் வேலைகளை நாங்களே எழுதிக் கொடுத்தோம். நூலுக்குப் பகுப்பு எண் இடுவது, சேர்க்கைப் பதிவேடு எழுதுவது, வழங்கல் பிரிவைக் கவனிப்பது, பருவ இதழ்களின் வரவு பார்ப்பது ஆகியவை அதில் உண்டு. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை கொண்டுவந்தபின், ஆய்வேடுகளின் ஒப்புமைச் சோதனையும் எங்கள் மேசைக்கே வந்தது. ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் ஏற்றுவதும் நாங்களே. மூன்றாவது, நான்காவது கடிதங்களுக்குப் பதிலே இல்லை. தபால் பிரிவின் வரவு முத்திரையுள்ள நகல்களை மறுபடியும் இணைத்திருக்கிறோம்.

கோரிக்கை 1: இருப்புச் சரிபார்ப்பில் காணாமற்போன நூல்களின் விலையை, அடுக்குப் பகுதிப் பொறுப்பில் இருந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக முதுநிலை நூலக உதவியாளரின் ஊதியத்திலிருந்து பிடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். ஏற்கெனவே பிடித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

இதற்கு நாங்கள் காட்டும் ஆதாரம் இந்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215. மூன்றாவது கடிதத்திலும் இதையே காட்டினோம். பல்கலைக்கழகத்தின் கணக்கு நடைமுறை நூலில் நூல் இழப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத நிலையில், இந்திய அரசின் நூலகங்கள் பின்பற்றும் விதியை ஒதுக்குவதற்குக் காரணம் ஏதும் எங்களுக்குத் தெரியவில்லை. ஓராண்டில் வழங்கப்பட்ட, எடுத்துப் பார்க்கப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து காணாமற்போவது, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பு என்கிறது அவ்விதி. ஓராண்டில் 40,000 நூல்கள் கைமாறினால் 200 நூல்கள்வரை இழப்பு ஏற்கத்தக்கது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், விலை எதுவானாலும் அரிய நூலும் காணாமற்போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அந்த விசாரணையை நாங்கள் வரவேற்கிறோம். இங்கே நடப்பது விசாரணை இல்லாத பிடித்தம். ஊதியத்தில் பிடிப்பது தமிழ்நாடு அரசுப் பணி ஒழுங்கு விதிகளின்படி ஒரு தண்டனை. 17(அ) குறிப்பாணை கொடுத்து, விளக்கம் பெற்ற பிறகே விதிக்கத்தக்கது. எங்கள் உறுப்பினர் எவருக்கும் குறிப்பாணை வரவில்லை. ஊதியச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்த உறுப்பினர் ஒருவரிடம், வேதியியல் நூல் ஒன்று இல்லையென்று பணம் பிடிக்கப்பட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் ‘இழப்பு’ என எழுதியாயிற்று. சில வாரம் கழித்து, தாவரவியல் அலமாரியின் கடைசித் தட்டில், மற்ற நூல்களுக்குப் பின்னால் செருகிக் கிடந்தது அதே நூல். முதுகில் நாங்கள் ஒட்டிய பகுப்பு எண் சீட்டு பாதி கிழிந்திருந்தது. நூல் அலமாரிக்குத் திரும்பியது, பணம் அவருக்குத் திரும்பவில்லை. நிலுவையின்மைச் சான்று நிறுத்திவைக்கப்பட்டதால் அவருடைய பணிக்கொடையும் தாமதமானது. முப்பதாண்டு நூல்களைத் தூசு தட்டி வைத்தவர், கடைசி நாளில் தலைகுனிந்து வெளியேறினார். அதை எங்களால் மறக்க முடியவில்லை.

மாணவர் நேரே அலமாரிக்குப் போய் நூலெடுக்கும் திறந்த முறை இங்கே நடைமுறையில் உள்ளது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் வற்புறுத்திய முறை அது. அதை நாங்கள் மனமார ஆதரிக்கிறோம். ஆனால் பிடித்தம் தொடர்ந்தால் எந்தப் பணியாளரும் அலமாரியைப் பூட்டி வைக்கத்தான் விரும்புவார். புதிதாக வந்த இளைஞர்கள் இப்போதே அப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டமும் நூலக அறிவியல் பட்டமும் பெற்று வந்தவர்களைக் காவலாளிகளாக்குவதுதான் இதன் விளைவு.

மேலும், 50,000 நூல்களுக்கு மேற்பட்ட நூலகத்தில் மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பு செய்து, வழக்கத்துக்கு மாறான குறைவு தென்பட்டால் மட்டும் முழுச் சரிபார்ப்பு செய்யவும் விதி 215 வழி சொல்கிறது. நம் நூலகம் அந்த வரம்பைத் தாண்டியது. இங்கோ ஆண்டுதோறும் தேர்வு நேரத்தில் முழுச் சரிபார்ப்பு என்று வாசகர்களை வெளியே நிறுத்துகிறோம்.

கோரிக்கை 2: முதுநிலை நூலக உதவியாளரின் பணிகளும் கல்வித் தகுதியும் ஆட்சிக்குழு ஒப்புதலுடன் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். அடுக்குப் பகுதிப் பொறுப்பு என்றால் என்ன என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

கோரிக்கை 3: பணியிலிருந்தபடியே நூலக அறிவியலில் முதுகலை முடித்தவர்களுக்குப் பதவி உயர்வில் முன்னுரிமை வழங்கப்பட வேண்டும்.

கோரிக்கை 4: அடுக்குப் பகுதியில் பணிபுரிவோருக்கு முகக்கவசமும் கையுறையும் வழங்கப்பட வேண்டும்.

கோரிக்கை 5: ஆய்வு மண்டபத்தின் பின்வாசலுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட வேண்டும்.

முதல் கோரிக்கை குறித்து நேரில் விளக்க நேரம் ஒதுக்குமாறும், அதுவரை அடுத்த மாத ஊதியப் பட்டியலில் பிடித்தம் எதையும் சேர்க்க வேண்டாமென நிதி அலுவலருக்கு எழுத்தில் அறிவுறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
பொதுச் செயலாளர்

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள் 4