செல்போன் பெட்டியில் இல்லாத தேதி

புது செல்போன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். விலை, மாதம், வருடம், ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் அச்சடித்திருக்கும். எஸ்.ஏ.ஆர். என்று ஒரு கணக்கும் இருக்கும். போனிலிருந்து நம் உடம்பில் இறங்கும் கதிர்வீச்சு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்று 2012இல் நம் அரசு வைத்த வரம்பு அது. அருப்புக்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். அந்த எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டு போன் வாங்கிய ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று பெட்டியில் எங்கும் இல்லை. இந்த போனுக்குக் கம்பெனி எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் அனுப்பும்?

ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளின் பட்டியலையும் அவற்றை அடைக்கும் வழியையும் 2015 ஆகஸ்டிலிருந்து கூகுள் வெளியிட்டு வருகிறது. அதை வாங்கித் தன்னுடைய ஒவ்வொரு மாடலுக்கும் பொருத்தி அனுப்ப வேண்டியது போன் கம்பெனியின் வேலை. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 மாதிரி விலை கூடிய போன்களுக்கு 7 வருடம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் விற்பவை பத்தாயிரம் ரூபாய் போன்கள். அவற்றுக்கு இரண்டு, மூன்று வருடத்தில் அப்டேட் நின்றுபோவது சகஜம். நின்ற அன்றைக்கு போன் எதுவும் சொல்லாது. பாட்டு பாடும், படம் எடுக்கும், பணமும் அனுப்பும்.

அப்படி நின்றுபோன போன் வீட்டில் யார் கைக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். மகன் கோயம்புத்தூரில் புதுசு வாங்குவான். பழையதைத் துடைத்து, டெம்பர் கிளாஸ் ஒட்டி, பொங்கலுக்கு வரும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போவான். வீட்டிலேயே வயதான போன் வீட்டிலேயே வயதானவருக்கு. பென்ஷன் கணக்கும் அந்த நம்பரில்தான் இருக்கும்.

ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர் வந்தார். “தம்பி, சும்மா வச்சிருக்கும்போதே கொதிக்குது. பேட்டரிய மாத்திரு” என்றார். பேட்டரி உப்பவில்லை. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால், கூகுள் பெயரை வைத்துக்கொண்டு, ஐகான் இல்லாமல் ஒரு ஆப் உட்கார்ந்திருக்கிறது. திரையில் தெரிவதை எல்லாம் படிக்கவும், நம் விரலுக்குப் பதில் தானே தொடவும் விடுகிற ‘ஆக்சஸபிலிட்டி’ அனுமதி அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கண் தெரியாதவர்களுக்கு உதவத்தான் அந்த வசதியை வைத்தார்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். முந்தின நாள் சொந்தக்காரர் நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு ஏ.பி.கே. பைல், அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்கிற பைல், வந்திருந்தது. அந்தச் சொந்தக்காரருக்கு இந்த விஷயமே தெரியாது. அவர் போனையும் அதே ஆப் பிடித்து, அவர் கான்டாக்டில் இருக்கிற எல்லோருக்கும் பத்திரிகை வைத்திருக்கிறது.

முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டேன். என் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தேன், பிறகு பேங்குக்கு. அதற்குள் பென்ஷன் கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போயிருந்தது. பேங்கிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ். எதுவும் அவர் கண்ணில் படவில்லை. நோட்டிபிகேஷன் வர வர அந்த ஆப் தள்ளிவிட்டிருக்கிறது. (கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பதறிப்போய் உடனே ரீசெட் அடிக்காதீர்கள். புகார் கொடுக்க அந்த பைலும் மெசேஜும் வேண்டும்.) எல்லாம் முடிந்தபின் ‘அபவுட் போன்’ பகுதியைத் திறந்து அவருக்குக் காட்டினேன். ஆண்ட்ராய்டு 9. கடைசிப் பாதுகாப்பு அப்டேட் 2020.

‘பைலைத் தொட்டது அவர்தானே, அப்டேட் இருந்திருந்தால் மட்டும் தப்பியிருப்பாரா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தப் பத்திரிகை எந்த ஓட்டை வழியாகவும் நுழையவில்லை, வாசல் கதவைத் தட்டித்தான் வந்தது. ஆனால் 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டது. வாட்ஸ்அப் மாதிரி வெளிவழியில் வந்த ஆப்புக்கு ஆக்சஸபிலிட்டி அனுமதியை லேசில் கொடுக்க முடியாதபடி அது தடுக்கிறது. திருடர்கள் அதையும் சுற்றிப் போக வழி கண்டார்கள், ஆண்ட்ராய்டு 15இல் இன்னும் இறுக்கினார்கள். இந்தச் சண்டை ஓயாது. ஆண்ட்ராய்டு 9 வைத்திருப்பவருக்கு அதில் ஆயுதமே கிடையாது. பிளே ஸ்டோருக்குள் இருந்து ஆப்களைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் மட்டும் பழைய போனிலும் வேலை செய்யும். அதை அணைத்து வைக்கச் சொல்லித்தான் இந்தக் கும்பல் முதலில் கேட்கும். மற்றபடி ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்று விளம்பரம் செய்து வரும் ஆப்களில் பாதி, என் அனுபவத்தில், அவையே குப்பை.

வாத்தியாரிடம் பேங்கில் கேட்ட முதல் கேள்வி, “நீங்களா சார் இன்ஸ்டால் பண்ணீங்க?” காரணம் இருக்கிறது. 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, நம் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் மூன்றாவது ஆளால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று முடிவானால், தெரிவிக்கும் வரை போன பணம் அவர் தலையில். அந்த போனுக்குக் காவல் முடிந்து வருடக்கணக்காகிவிட்டது என்று கம்பெனியும் சொல்லவில்லை, அதில் தன் ஆப்பை ஓடவிட்ட பேங்கும் சொல்லவில்லை. கவனக்குறைவு அவர் ஒருவருடையதாம். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காலர் ட்யூனில் எச்சரிக்கை ஓட்டுவதும் பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வு முகாம் போடுவதும் நடக்கட்டும். போன் விற்றுக் காசு பார்த்தவர்களுக்கும் ஒரு கடமை வேண்டாமா?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தது எந்தக் காலம் வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று கம்பெனி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் தர வேண்டும். இங்கே, பழுதுபார்க்கும் வசதியை வைத்துப் பொருளுக்கு மதிப்பெண் போடலாம் என்று ஒரு குழு 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் துறையிடம் அறிக்கை கொடுத்தது. மென்பொருள் அப்டேட்டும் அதில் ஓர் அளவுகோல். நல்ல காரியம். ஆனால் ஸ்குரூ, ஸ்பேர் பார்ட்ஸ், அப்டேட் எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண்ணாக்கினால் வாத்தியாருக்கு என்ன விளங்கும்? அப்டேட் முடியும் மாதமும் வருடமும் பெட்டியில் தனியாக, பெரிய எழுத்தில், தமிழிலும் இருக்க வேண்டும்.

யார் படிக்கப் போகிறார்கள் என்று என் சக கடைக்காரர்களே கேட்கிறார்கள். பிரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் ‘எத்தனை ஸ்டார்?’ என்று கேட்கப் பழகவில்லையா? அந்தத் தேதி பெட்டியில் வந்தால் என் கடையில் செகண்ட் ஹேண்ட் வியாபாரம் படுத்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். தேதி முடிந்த போனை யார் நாலாயிரம் கொடுத்து வாங்குவார்கள்? படுக்கட்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. அப்பா அம்மாவுக்குப் பழைய போன் கொடுக்கிறவர்கள் ‘ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்’ என்ற இடத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் பேங்க் நம்பர் சிம்மை அதில் போடாதீர்கள். ஒரு சாதா பட்டன் போன் வாங்கி அதில் போடுங்கள். ஓ.டி.பி. அங்கே வரும், ஸ்மார்ட்போனில் எது புகுந்தாலும் அதைப் படிக்க முடியாது. யு.பி.ஐ. ஆப் போய்விடுமே என்பார்கள். பட்டன் போனிலேயே பணம் அனுப்ப 2022 முதல் யு.பி.ஐ. 123பே இருக்கிறது. வாத்தியாருக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். வாட்ஸ்அப்புக்கு வேறு சிம். முதல் வாரம் இரண்டு போனைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்று திட்டினார், இப்போது அவருடைய நண்பர்களையும் கடைக்குக் கூட்டி வருகிறார்.