மற்றப் பைப் எங்கே போகிறது?



நேற்றும் ஒரு ஆர்.ஓ. மெசின் திறப்பு விழாப் படம் பார்த்தேன். ரிப்பன், பொன்னாடை, வரிசையாகப் பத்துப் பேர். கொடுத்தவருக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். ஆனால் அந்த மெசினுக்கு இரண்டு பைப். ஒன்றில் குடிதண்ணீர் வருகிறது. மற்றது எங்கே போகிறது என்று யாராவது பின்பக்கம் போய்ப் பார்த்தீர்களா? நான் பார்த்த இடங்களில் மதிலோரத்து மண்ணுக்குள்தான்.

மெசின் நைத்திரேற்றை அழிப்பதில்லை. பிரித்து, செறிவாக்கி, மற்றப் பைப்பால் விடுகிறது. நமக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். இன்று நாம் விட்டது பிறகு பக்கத்து வீட்டுக் கிணற்றில்.

இதைச் சொன்னால் சிலர், "சேர், இப்ப கரண்டாலயே தண்ணியச் சுத்தமாக்கலாமாம்" என்கிறார்கள். உண்மைதான். இரும்பு, அலுமினியத் தகடுகளுக்கு மின் கொடுத்தால் கரையும் உலோகம் அழுக்கையும் எண்ணெயையும் திரட்டிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னதே, அந்த மாதிரி அழுக்குக்கு இது பொருந்தும். நைத்திரேற்றுக்குப் பொருந்தாது. அதற்கு வேறு மின்வாய் வேண்டும். சரியாக நடந்தால் நைத்திரேற்று நைதரசன் வாயுவாகிப் பறந்துவிடும், மற்றப் பைப்பே தேவையில்லை. பிழைத்தால் அமோனியாவில் நின்றுவிடும். ஆக, தினமும் தண்ணீரைச் சோதிக்க ஆள் வேண்டும். வடிகட்டி மாற்றவே ஆளில்லாமல் தூசி பிடித்து நிற்கிற மெசின் நமக்குத் தெரியாததா?

நான் அந்த முறைக்கு எதிரி இல்லை. அது வரும்வரை கையைக் கட்டி இருப்பதற்குத்தான் எதிரி. 1990இல் விட்டுப்போன கிணறுகளைத் திரும்பி வந்து இறைத்தோம். அதே சின்னக் காணிகளில், அடி பூசாத மலக்குழியும் வெட்டினோம். தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்!

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கூடினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. கொதிக்க வைத்தால் சரி என்று நினைக்கும் உம்மாமார் கவனியுங்கள்: கிருமி சாகும், நைத்திரேற்று குறையாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும்.

அடுத்த வசூலில் இன்னொரு மெசின் வேண்டாம். கிணற்றுக்குக் கிட்ட உள்ள குழிகளை அடைத்து, அடி பூசிய தொட்டி கட்டிக் கொடுங்கள். நிரம்பினால் பௌசருக்குக் காசு கொடுங்கள். கிணறுகளைச் சோதித்து முடிவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள், என் வீட்டுக் கிணற்றையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் மஹல்லா மெசினின் பின்பக்கம் போங்கள். அந்த மற்றப் பைப்பைப் படம் எடுத்துக் கீழே கொமன்ட்டில் போடுங்கள்.