எந்திரம் அமைப்பார்க்கு ஏற்ற முதற் பலகை

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை’ என்னும் பழமொழி, நல்லது கிட்டாதவிடத்துக் கிட்டியதைக் கொண்டு மனநிறைவு எய்துவாரைக் குறித்துச் சிறிது எள்ளலாகவே வழங்கப்படுகின்றது. இலுப்பையைப் பெயரிலேயே தாங்கிய இலுப்பூரினின்றும் வந்த எமக்கு அவ்வெள்ளலில் உடன்பாடில்லை. பொழுதுபோக்காகச் சிறு எந்திரங்கள் அமைக்கப் புகும் மாணவர் தம் முதற் பலகையைத் தெரிந்தெடுக்கும் முறையை நோக்குங்கால், இலுப்பைப்பூவே சர்க்கரையினும் ஏற்றதாகும் இடமும் உண்டு என்பது விளங்கும்.

ஈண்டுப் பலகை என்றது மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தியைத் தாங்கிய மின்பலகையை. கணக்கிடும் பகுதியும், நினைவகமும், வெளிக்கருவிகளோடு இணையும் முனைகளும் ஒரே சிப்பினுள் அடங்கியிருத்தலே நுண்கட்டுப்படுத்தியின் இயல்பு. உணர்விகள் தரும் செய்தியை ஏற்று மோட்டார்களை ஏவுதல் அதன் தொழில். இத்தாலி நாட்டு இவ்ரியா நகரில் 2005-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்டுயினோ, ஷாங்காயிலுள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட இ.எஸ்.பி.32, 2021 சனவரியில் நான்கு டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ ஆகிய மூன்றும் இன்று மாணவரிடைப் பெரிதும் வழங்குவன.

இவற்றுள் வேகம் மிக்கதே சிறந்தது என்பது பலர் கொள்கை. எண்களை மட்டும் நோக்கின் அதற்கு மறுப்பில்லை. ஆர்டுயினோ யூனோவின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். செயல் நினைவகம் 2 கிலோபைட். இ.எஸ்.பி.32 இரண்டு கருக்களோடு 240 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும்; அதன் செயல் நினைவகம் 520 கிலோபைட். ஆயினும் மாணவன் முதலிற் செய்யப்போவது யாது? தரையிலிட்ட கருங்கோட்டைப் பற்றிச் செல்லும் சிறு வண்டியே அன்றோ! நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும் வண்டி, நொடியின் ஆயிரத்திலொரு பங்கில் அரை மில்லிமீட்டரே நகரும். அச்சிறு பொழுதினுள் யூனோவின் கடிகாரம் 16,000 முறை துடித்துவிடும். இடமோ வலமோ என்று துணிதற்கு இது போதாதென்பார் யாவர்? செய்பணியை முதலில் வரையறுத்துப் பின்னரே பலகையைத் தேர்தல் வேண்டும். பலகையை வாங்கிவைத்துப் பணியைத் தேடுதல் முறையன்று.

வேகத்தினும் முதன்மையாக எண்ணத்தக்கது, பிழை பொறுக்கும் தன்மை. கற்பவன் கம்பியை மாற்றி இணைப்பான்; அது கல்வியின் ஒரு கூறேயாம். யூனோவின் முனைகள் 5 வோல்ட்டில் இயங்குவன; தொலைவு அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 போன்ற மலிவான உணர்விகளும் அவ்வாறே. இ.எஸ்.பி.32, பிக்கோ இரண்டும் 3.3 வோல்ட்டின, அவ்வுணர்வியின் விடைமுனையை அவற்றோடு இணைக்க இடையே இரு மின்தடைகளைக் கொண்டு மின்னழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். இதனை அறியாதான் பலகையை இழக்கவும் நேரும். யூனோவிலும் ஒரு முனையினின்று 20 மில்லி ஆம்பியர் அளவே பெறுதல் நன்று. 40 என்பது கடக்கலாகாத எல்லை. ஆதலின் எப்பலகையாயினும் மோட்டாரை நேரே இணையாது, மோட்டார் டிரைவர் வழியாகவே இணைத்தல் கடன்.

இத்துணைக் காவலையும் மீறிச் சிப்பு கருகினால் என் செய்வது? நகரத்து மாணவன் வேறொன்று வாங்குவான். இலுப்பூர் மாணவனோ திருச்சிக்குப் பேருந்து ஏறுதல் வேண்டும். இன்றேல் அஞ்சலை எதிர்நோக்கி இருத்தல் வேண்டும். அதனினும் பெரிது, மறுமுறை வீட்டாரிடம் பணம் கேட்கும் நாணம். பலருடைய ஆர்வம் அறிவுக் குறைவால் அன்றி இந்நாணத்தாலேயே அவிந்துவிடும் என்பது எம் கருத்து. யூனோவின் மூன்றாம் பதிப்பில், சாக்கெட்டிற் செருகிய நீண்ட சிப்புடைய வகை ஒன்றுண்டு. கருகிய சிப்பைப் பெயர்த்தெடுத்து, தொடக்க நிரல் பதித்த வேறொன்றைச் செருகினால், ஏனைய உறுப்புகள் பழுதுறாதவரை, பலகை மீண்டும் உயிர்பெறும். ஆர்டுயினோவின் வரைபடம் யாவர்க்கும் திறந்துவைக்கப்பட்டதாகலின், பிறர் செய்த பலகைகளும் மலிவாய்க் கிட்டும். ஆயினும் ‘யூனோ’ என்னும் பெயரை மட்டும் நம்பி வாங்கற்க. 2023-இல் வந்த நான்காம் பதிப்பு வேகம் மிக்கதேனும், அதன் சிப்பு பற்றவைக்கப்பட்டது; அதன் முனையொன்று தாங்குவது 8 மில்லி ஆம்பியரே.

இதனால் ஏனைய பலகைகளை யாம் இகழ்ந்தோம் என்று கொள்ளற்க. அலைபேசி கொண்டு வண்டியைச் செலுத்த விழைவார்க்கு, வைஃபையும் புளூடூத்தும் தன்னகத்தே கொண்ட இ.எஸ்.பி.32 மிக ஏற்றது. பைத்தான் மொழியில் நிரலெழுதப் பழகியோர் பிக்கோவைக் கொள்ளலாம். நம் நாட்டிலேயே வகுக்கப்பெற்ற வேகா வகைச் சிப்பைத் தாங்கிய சி-டாக் நிறுவனத்தின் ஏரீஸ் பலகையையும் அடுத்த படியில் பயின்று பார்த்தல் தகும். முதற் படியில் வேண்டுவது, பிழைத்தாற் சீர்செய்யவும் ஐயுற்றாற் கேட்டறியவும் இடந்தரும் பலகை.

தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை என வினவுவாரும் உளர். மேற்கூறிய 5 வோல்ட், 3.3 வோல்ட் வேறுபாட்டைத் தமிழில் ஒருவன் படித்தறிய இயலாமையால் ஒரு பலகை கருகுமாயின், அவ்விழப்பில் தமிழ் கற்ற எமக்கும் பங்குண்டு. ஆதலின் விடுமுறையில் ஊர் செல்லும் அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் தாம் கற்றதைத் தம்மூர்ப் பள்ளிச் சிறார்க்கு நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதித் தருவாராக. அதன் மொழியைத் திருத்தித் தரும் பணியை எம் தமிழ்ப் பிரிவு மாணவர் ஏற்பாராக.