பம்பு இலவசம், கடிதம் யாருக்கு?
பழைய கார் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும்

தஞ்சாவூரில் இருந்து திருவையாறு போகிற ரோட்டில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று 5 ஆறுகளைத் தாண்ட வேண்டும். அதில் ஒரு பாலத்தின் நடுவில் கார் திடீரென்று நின்றுவிட்டால் என்ன கதி?

பின்னால் வைக்கோல் லாரி. எதிரே பஸ். என்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பிரேக்கும் இறுகிவிடும். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. பாட்டரியும் புதுசு. பிறகு ஏன் நின்றது?

பெட்ரோல் பம்பு கோளாறு!

இம்பெல்லர்

டெல்டா விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வயலில் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. "இம்பெல்லர் போச்சுங்க" என்பார் மெக்கானிக். காரிலும் அதே கதைதான். பெட்ரோல் டேங்குக்குள் ஒரு குட்டி மோட்டார் பம்பு முங்கிக் கிடக்கிறது. அதன் இம்பெல்லர் சுழன்றால்தான் என்ஜினுக்குப் பெட்ரோல் போகும். அது சிக்கிக்கொண்டால் வண்டி அங்கேயே படுத்துவிடும்.

இது வெறும் வதந்தி அல்ல. பெட்ரோல் பம்புக்காக ஹோண்டா கம்பெனி 2020 ஜூனில் 65,651 கார்களையும், 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் மேலும் 90 ஆயிரத்துக்கு மேல். மாருதி கம்பெனி 2020 ஜூலையில் 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களை அழைத்தது. 2024 மார்ச்சில் மீண்டும் 16,041 கார்கள். பழுதான பம்பை இலவசமாக மாற்றித் தருவதாகவே அறிவிப்பு.

இத்தனை காரும் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால்தான் அழைப்பு. தப்பு நடந்தது என்று ஒப்புக்கொண்டு பம்பு மாற்றித் தருகிற கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

கடிதம் எங்கே?

கம்பெனியின் கணக்கில் இருப்பது, புதுக் காராக வாங்கியவரின் பெயரும் போன் நம்பரும். அவர் சென்னையில் காரை விற்றுவிட்டார். அது திருச்சி புரோக்கர் கைக்கு வந்தது. சம்பா அறுவடைப் பணத்தில் ஒரத்தநாட்டுக்காரர் வாங்கினார். சர்வீஸ் எல்லாம் உள்ளூர் பட்டறையில். கடிதம் சென்னைக்குப் போகிறது. கார் ஒரத்தநாட்டில் ஓடுகிறது!

"வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்பார்கள். நிற்கிற நிமிஷம் வரை நல்லாத்தான் ஓடும்.

இப்போது வண்டி யாரிடம் இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியாவிட்டாலும் அரசாங்கத்துக்குத் தெரியும். பெயர் மாற்றுவது ஆர்.டி.ஓ. ஆபீசில்தானே? மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல், கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவு போடலாம். கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. இத்தனை அதிகாரம் இருக்கும்போது, பெயர் மாற்றும் நேரத்தில் "இந்த வண்டிக்கு ரிப்பேர் பாக்கி இருக்கிறது" என்று புதுச் சொந்தக்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கக் கூடாதா? பழைய கார் விற்கிறவர்களும் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கமிஷன் வாங்குகிறவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாதா?

இரண்டே நிமிஷம்

அதுவரை கார் வைத்திருப்பவர்தான் முந்திக்கொள்ள வேண்டும். ஆர்.சி. புக்கில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் நம்பர் இருக்கிறது. கம்பெனியின் இணையதளத்தில் அதைப் போட்டால் தெரிந்துவிடும். வீட்டில் செல்போன் நோண்டுகிற பையன் போதும். இரண்டே நிமிஷ வேலை. அல்லது கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். அழைப்பு காருக்குத்தான், முதல் சொந்தக்காரரா, மூன்றாவது சொந்தக்காரரா என்பது கணக்கில்லை. இலவச வேலைக்குப் பணம் கேட்டால் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்காமல் ஒரு மூட்டை நெல்லைக்கூட எடுப்பதில்லை. பெண்டாட்டி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு ஒரு நம்பரைப் பார்க்க வேண்டாமா?